பின்சுவர் ஓரம் கூடிய மீன்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் நீலசந்திராவில். சின்ன வயதில் எங்கள் சந்தில் பாதி வீட்டுக் கதவில் ‘நாளெ பா’, அதாவது நாளைக்கு வா என்று கன்னடத்தில் எழுதி வைத்திருப்பார்கள், ஏதோ ஒன்று வீட்டு மனுஷர் குரலிலேயே வாசலில் நின்று கூப்பிடுமாம், அதற்குப் பதில் குரல் கொடுத்தால் அந்த ஆள் காலியாம். அந்த எழுத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள் நான். அப்புறம் மீன்வளம் படித்தேன், எதையும் மீட்டரில் அளந்து பார்த்துத்தான் பேசுவேன், யாராவது காத்து கருப்பு என்று ஆரம்பித்தால் முகத்துக்கு நேராக ‘போதும் நிறுத்துங்க’ என்று சொல்லிவிடுகிற வாய் எனக்கு. அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

அத்திபெலேயைத் தாண்டி உள்ளே போனால் ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் இருக்கிறது, அதுதான் எங்கள் மீன் பண்ணை. நானும் என் வீட்டுக்காரர் செல்வமும் தினமும் நீலசந்திராவிலிருந்து பைக்கில் போய்வருகிறோம். மோட்டார், பைப், கரண்ட் எல்லாம் அவர் பொறுப்பு, மீனும் தண்ணீரும் என் பொறுப்பு. இரும்பு வலையை வட்டமாக நிறுத்தி உள்ளே தார்ப்பாய் விரித்த பெரிய தொட்டி, அதில் திலேப்பியா, மார்க்கெட்டில் ஜிலேபி மீன் என்பார்களே, அது.

எனக்கு ஆராய்ச்சிப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. தீனியைத் தொட்டி முழுக்க இறைத்தால் பாதி அடியில் போய் அழுகிவிடுகிறது, அதனால் மீன்களைச் சத்தத்துக்குப் பழக்கி ஒரே இடத்துக்கு வரவழைத்துப் போட்டால் என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் நின்று தொட்டிக் கம்பியில் ஸ்பேனரால் தட்டுவேன், வேகமாக இரண்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. டொக் டொக், டொக். சில வாரங்களில் அப்படிப் பழகிவிட்டன, தட்டிய உடனே கல்யாணப் பந்திக்கு முண்டியடிக்கிற மாதிரி வந்து வாயைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பண்ணையில் வேலை பார்க்கும் லட்சுமம்மா தன் இஷ்டத்துக்குத் தட்டினால் ஒன்றுகூடத் திரும்பாது. தண்ணீருக்குள் ஒரு மைக் போட்டு அந்தச் சத்தத்தையெல்லாம் லேப்டாப்பில் பதிவு செய்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரே கேலி.

“எனக்குச் சோறு போடவே உனக்கு நேரமில்ல, மீனுக்கு மட்டும் மேளம் அடிச்சுப் பந்தியா?” என்பார்.

ஷெட்டின் பின்சுவருக்கு வெளியே ஒரு கழிவுக்குழி உண்டு, தொட்டியின் அடியில் சேருகிற அழுக்கெல்லாம் பைப் வழியாக அதில்தான் போய் விழும். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், இறங்க ஒரு இரும்பு ஏணி, மேலே மூட சிமெண்ட் பலகை. உள்ளே அழுகுவதிலிருந்து விஷவாயு கிளம்பும், முதலில் கூமுட்டை நாற்றம் அடிக்கும், அதிகமானால் நாற்றமே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். ஒருத்தரைத் தூக்கப் போனவரும் அதிலேயே விழுந்து செத்ததெல்லாம் நடந்திருக்கிறது. அன்றைக்குக் காலையில் அந்தக் குழிக்குள் இருந்த பம்ப் அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது.

“என்னங்க, தனியா இறங்காதீங்க. மூடியைத் திறந்து நல்லா காத்தாட விடுங்க, நாளைக்கு ஆளுங்களை வெச்சுப் பாத்துக்கலாம்” என்றேன்.

“சரி தாயே, சரி” என்றார். அவர் ‘சரி தாயே’ சொன்னால் கேட்கமாட்டார் என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா, ஆனாலும் அன்று வேலை தலைக்கு மேல் இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வாசல் பக்கம் உட்கார்ந்து மீன்களைப் பிடித்து எடை போட்டுக்கொண்டிருந்தேன். பட்டப்பகல், நல்ல வெயில். இரண்டு கையும் ஈரம், ஸ்பேனர் தள்ளி ஆணியில் தொங்குகிறது, அதை நான் தொடவே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லட்சுமம்மாதான் முதலில் பார்த்தது.

“அக்கா, இல்லி நோடி, மீனெல்லா ஆ கடெ ஹோக்பிட்டிதாவெ!”

மீனெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டதாம். திரும்பிப் பார்த்தால், தொட்டியில் இருந்த அத்தனை மீனும் எதிர்ப்பக்கம், பின்சுவரை ஒட்டிக் குவிந்து கிடக்கின்றன. அந்தப் பக்கம் நான் ஒரு நாளும் தீனி போட்டது கிடையாது. ஆக்சிஜன் குறைந்துவிட்டதோ என்று பதறிப்போய் மீட்டரை விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சுத் திணறினால் மீன் தொட்டி முழுக்கத்தான் மேலே வந்து வாய் பிளக்கும், இவை அப்படி இல்லை. ஒரே இடத்தில் முட்டிமோதிக்கொண்டு வாயைத் தூக்கி நின்றன, நான் தட்டினால் எப்படி நிற்குமோ அச்சு அசல் அப்படியே.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஸ்பேனரை எடுத்து வாசல் பக்கம் தட்டினேன். டொக் டொக், டொக். ஒரு மீன்கூடத் திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். ஊஹூம். பழக்கின நாளிலிருந்து இப்படி நடந்ததே இல்லை, ஐயோ இதென்ன கூத்து என்று தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போனேன். அங்கே காற்றுக்காக வைத்த ஒரு ஜன்னல் உண்டு. கிட்டப் போனதும் குப்பென்று கூமுட்டை நாற்றம். எட்டிப் பார்த்தால் சிமெண்ட் பலகை தள்ளிக் கிடக்கிறது, குழி ஓரத்தில் இவருடைய செருப்பு.

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே ஏணிப் படியில் ஒரு கையை முழங்கை வரை கோத்துக்கொண்டு தலை தொங்கிக் கிடந்தார். குதித்துவிடத்தான் கால் துடித்தது, என் புருஷன் அல்லவா, ஆனால் இறங்கினால் இரண்டு பிணம் என்று படிப்பு பிடித்து இழுத்தது. ஷெட்டிலிருந்து காற்று ஹோஸைப் பிடுங்கிக் கொண்டுவந்து குழிக்குள் விட்டேன், லட்சுமம்மா போட்ட கத்தலில் பக்கத்து ரோஜாத் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள், மூச்சைப் பிடித்துக் குனிந்து அவர் கையில் கயிற்றை மாட்டி எல்லோருமாக இழுத்துப் போட்டோம். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டி, கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க என்று அழுதுகொண்டே போனேன்.

பிழைத்துவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது, ஏணியில் கை மாட்டியிருக்காவிட்டால் அடியிலேயே போயிருப்பார் என்றார் டாக்டர். மறுநாள் பேச்சு வந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

“ஏன் வசந்தி, அவ்வளவு நேரம் தட்டிட்டே இருந்தியே, எட்டிப் பாக்கணும்னு தோணலையா உனக்கு?”

“நான் எங்கங்க தட்டினேன்?”

“பொய் சொல்லாதே. காதுக்குள்ளயே கேட்டுச்சு. கண்ணு இருட்டிட்டு வருது, அந்தச் சத்தம் மட்டும் விடல. நீ பக்கத்துல நிக்கறேன்னு நெனச்சுத்தான் படியை விடாம புடிச்சிட்டிருந்தேன்” என்று சொல்லி, கட்டில் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினார். வேகமாக இரண்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று.

நான் வாசல் பக்கம் தட்டியது நாலைந்து தடவை இருந்தால் அதிகம். காற்று மெஷின் இரைச்சலில் அது சுவரைத் தாண்டிப் போகவே போகாது. வீட்டுக்கு வந்ததும் மைக் பதிவைக் கேட்டேன். மீன்கள் பின்பக்கம் போன நேரத்தில் மெஷின் இரைச்சல் மட்டும்தான், அதற்கு அப்புறம் நான் தட்டியது இருக்கிறது, வேறு எதுவும் இல்லை. மைக்குக்குக் கேட்காத ஒன்று மீனுக்கும் இவருக்கும் கேட்டிருக்கிறது. குழியில் வாயு பொங்கிய அதிர்வாக இருக்கும், இவர் மயக்கத்தில் உளறியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நான் நிஜமாகவே நின்று தட்டியபோது ஏன் ஒரு மீனும் என்னிடம் வரவில்லை? நான் அந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவை நினைத்துவிட்டன, அப்படித்தான் எனக்குப் படுகிறது.

அந்தக் குழியை மண் போட்டு மூடிச் சிமெண்ட் பூசிவிட்டோம். கழிவு இப்போது தோட்டத்துக்குத் திறந்த வாய்க்காலில் போகிறது. அந்த மீன்களையும் விற்றாகிவிட்டது, தொட்டியைக் கழுவிக் காயவைத்துப் புதுக் குஞ்சுகள் விட்டிருக்கிறோம். தட்டுகிற வேலையை நான் அடியோடு விட்டுவிட்டேன், ஸ்பேனர் சத்தமே கேட்காத குஞ்சுகள் இவை. அவையும் ஒருசில மத்தியானங்களில் பின்சுவர் ஓரம் போய்க் குவிந்து, வாயைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அப்படி நின்றாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும், இவர் எங்கே இருந்தாலும் “என்னங்க” என்று ஒரு சத்தம் போடுவேன், “இருக்கேன்” என்று பதில் வந்தால்தான் மூச்சு விடுவேன்.

போன வாரமும் அப்படித்தான் குவிந்தன. அவர் மோட்டார் ரூமில் இருந்தார்.

“என்னங்க!” என்று கத்தினேன்.

“இருக்கேன்டி! எத்தனை தடவைதான் கூப்பிடுவே? மொதல்ல கூப்பிட்டப்பவே ‘இங்கதான் இருக்கேன்’னு சொன்னேன்ல!”

நான் கூப்பிட்டது அந்த ஒரே தடவைதான். பக்கத்தில் நின்ற லட்சுமம்மாவைக் கேட்டேன், தனக்கும் நான் கூப்பிட்ட அந்த ஒரு குரல்தான் கேட்டது என்றாள். இவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் உயிரைப் பிடித்து வைத்தது எதுவோ அதுதான் கூப்பிட்டதா, இல்லை எங்கள் சந்தில் கதவுக்குக் கதவு எழுதி வைத்துப் பயந்தார்களே அதுவா, எனக்குத் தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் இவர் பதில் குரல் கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் குஞ்சுகள் பின்சுவர்ப் பக்கம் திரும்பினால் நான் வாயைத் திறப்பதில்லை, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.