ஆடாமல் நின்ற கால்

சகோதர சகோதரிகளே, என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். சபையில் எழுந்து சாட்சி சொல்வதாகக் கர்த்தரிடம் வாக்குக் கொடுத்தேன். எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆரணியில் பட்டு நெய்கிறவன் நான். நான்கு வருடங்களுக்கு முன் நெஞ்சைத் திறந்து எனக்குச் செயற்கை வால்வு வைத்தார்கள். போன வருடம் ஜூலையில் மறுபடி மூச்சு வாங்கியது. ஒரு முழம் நெய்வதற்குள் மூன்று முறை நிறுத்தினேன்.

"இன்னாங்க, வாயால மூச்சு உட்டுகினு தறியில ஏறுறீங்க? கெளம்புங்க" என்று என் மனைவி எஸ்தர் வேலூர் பஸ்ஸில் ஏற்றினாள்.

வால்வைத் தைத்த இடத்தில் ஓரம் விட்டு, ரத்தம் கசிகிறது என்றார் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர். சிலருக்கு இப்படி ஆகுமாம். மறுபடி நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டேனாம். தொடை வழியாகக் குழாய் விட்டு ஓட்டையை அடைக்கப் பார்க்கலாம், அது முடியாவிட்டால் வேறு வழியில்லை என்றார். எஸ்தர் அழவில்லை. போட்டிருந்த என் சட்டைப் பித்தானையே கழற்றிக் கழற்றித் திரும்பப் போட்டுவிட்டாள்.

குழாய் விட்ட அன்று முழு மயக்கம் கொடுக்கவில்லை. தொடை மட்டும் மரத்திருந்தது. குழாய் வழியே விட்ட மெல்லிய கம்பி ஓட்டைக்குள் நுழையவில்லை. இரண்டு முறை வழுக்கியது. "இன்னும் ஒரே தடவை பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது.

"சார், கால் ஆடுது" என்றார் நர்ஸ்.

"ஐயா, ஆட்டாதீங்க! கம்பி நகர்ந்துடும்" என்றார் டாக்டர்.

என் வலது கால் தானாகத் தறி மிதித்துக்கொண்டிருந்தது. பயம் வந்தால் தறியில் போய் உட்காருகிறவன் நான். கால் அங்கே போய்விட்டது. நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. மனப்பாடம் செய்த ஜெபமெல்லாம் மறந்துபோனது. "ஆண்டவரே, என் காலைப் பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் கேட்டேன்.

கால் நின்றது. யாரும் தொடவில்லை. தூங்கும் பிள்ளையின் கால்போலக் கிடந்தது.

"கம்பி உள்ளே போயிடுச்சு" என்றார் டாக்டர். ஓட்டையை அடைத்த பிறகு, "கசிவு நின்னுடுச்சுங்க."

எஸ்தரிடம் சொன்னேன். "நான் சொன்னா என்னிக்கு நின்னுது இந்தக் காலு?" என்று சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கர்த்தரிடம் ஒன்றும் கேட்காமல் திரும்புகிறவனாக இருந்தேன். இப்போது தினமும் தறியில் கால் வைக்குமுன் கேட்கிறேன். பெரிய ஜெபம் தெரியாதவர்களே, பயப்படாதீர்கள். உங்களுக்குள் எது ஆடுகிறதோ, அதை அவரிடம் சொல்லுங்கள். அது போதும்.

ஆரணி, ஞாயிறு, 17-11-2024