நிறுத்தக் கூடாத மாத்திரையும் நான் சொல்லாமல் விட்டதும்

மாத்திரையை எடுத்துக் கொடுக்க இரண்டு வருஷம் படித்தால் போதும். கொடுக்கும்போது வாயைத் திறப்பதா மூடுவதா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் ஒரு மெடிக்கலில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். உட்கார ஒரு ஸ்டூல் உண்டு, அதன் மேல் எப்போதும் குளுக்கோஸ் பெட்டி உட்கார்ந்திருக்கும். என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் கால் வீங்க நிற்பவர்களுக்கும், கவுண்டருக்கு முன்னால் டாக்டர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற பிரஷர்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நாம் எல்லோரும் ஒரே வரிசையில் அவதிப்படுகிறவர்கள்தான்.

பிரஷர் மாத்திரையில் பல வகை இருக்கிறது. அதில் ஒன்று பீட்டா பிளாக்கர். இதயம் அடிக்கிற வேகத்தைக் குறைத்து, அதன் வேலையை லேசாக்கி, பிரஷரை இறக்கும். நல்ல மாத்திரைதான். ஆனால் தினமும் போட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கோபித்துக்கொள்ளும். பிரஷர் எகிறும், நெஞ்சு படபடக்கும். இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருப்பவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகும். ஏழுமலை என்று ஒருவருக்கு நான் அந்த அரை நிமிஷத்தைக் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை வரும் நாள்

ஏழுமலை வருவதற்கு முன்னால் நான் இப்படி வாயை மூடுகிறவள் இல்லை. வாய் நீளம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாதா மாதம் வாங்க வேண்டிய மாத்திரையை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வாங்கிக்கொண்டிருந்தார். என்ன சார் என்று பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிற நாளில் மட்டும் போடுகிறாராம். மற்ற நாளில் டென்ஷனே கிடையாதாம்.

டென்ஷன் வேறு, பிரஷர் வேறு, ஒரு நாள் போட்டு நாலு நாள் விடுவது போடாததை விட மோசம் என்று கடை முழுக்கக் கேட்கும்படி பாடம் நடத்தினேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அடுத்த மாதம் சரியான தேதியில் வந்து நின்றார். நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்: “தெனமும் போடறேன் மேடம். இப்ப மாப்பிள்ளையப் பாத்தாகூட நல்ல மனுஷனாத்தான் தெரியுது.”

பேச்சைக் கம்மி பண்ணு

பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிற இளைஞர் ஒருவர் வந்தார். மறுநாள் பெரிய அதிகாரிகள் முன்னால் எழுந்து பேச வேண்டுமாம், கை நடுங்குகிறதாம். நண்பன் ஒருவன் பீட்டா பிளாக்கர் பெயரைச் சொல்லி, ஒன்று போட்டால் நடுக்கம் நின்றுவிடும் என்றானாம். சீட்டு இல்லை. நான் முடியாது என்றேன். சீட்டு இல்லாதது மட்டும் காரணம் இல்லை. அவர் மாதா மாதம் வீசிங்குக்கு இன்ஹேலர் வாங்குவது எங்களிடம்தான். வீசிங் உள்ளவர்கள் இதைத் தொட்டால் மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும்.

இன்ஹேலர் விஷயத்தை நான் ஐந்தாறு பேர் முன்னால் உரக்கச் சொன்னது தப்பு. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. “மருந்து விக்கத்தான நிக்கிறீங்க, போலீஸ் மாதிரி விசாரணை இன்னாத்துக்கு?” என்று கத்திவிட்டுப் போனார். அதற்கப்புறம் இன்ஹேலருக்கும் வரவில்லை.

கடை முதலாளி கரீம் பாய் நல்லவர். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் வியாபாரம் செய்கிற குடும்பம். யாரையும் அதிர்ந்து பேச மாட்டார். அன்று சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து, நான் பாதி குடிக்கும் வரை காத்திருந்து சொன்னார்: “நீ சொன்னது கரெக்ட்தாம்மா. ஆனா பேச்ச கொஞ்சம் கம்மி பண்ணிக்க. டாக்டர் வேல டாக்டருக்கு, நம்ம வேல நமக்கு.”

அஞ்சு போதும்

எனக்கு ரோஷம் ஜாஸ்தி. கம்மி பண்ணச் சொன்னால் அடியோடு நிறுத்துகிற ஜாதி நான். சீட்டைப் பார்ப்பேன், எடுப்பேன், கவரில் போடுவேன், காலையா ராத்திரியா என்று மட்டும் சொல்வேன். அந்த சமயத்தில்தான் ஏழுமலை வந்தார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பிரஷர் உண்டு, அதோடு அதற்கு முந்தின வருஷம் ஒரு தரம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். சீட்டில் பீட்டா பிளாக்கர், தினம் ஒன்று. டீத்தூளும் பேப்பர் கப்பும் வாங்க ஐந்து நாளைக்கு ஒரு தரம் மொபெட்டில் வேங்கிக்கால் வருவார். ஒவ்வொரு தரமும் ஐந்தே மாத்திரை. முழு அட்டையாக வாங்கிப் போகலாமே என்று கேட்டேன். கையில் காசு இல்லாமல் இல்லை, அவருக்கு வேறு கணக்கு இருந்தது. “முழு அட்டய ஊட்ல வெச்சா நோயாளி ஆயிடுவேம்மா. அஞ்சுன்னா சும்மா மாத்திர.”

சில்லென்ற கை

நாலைந்து மாதத்தில் அவருடைய சீட்டைக் கேட்பதையே விட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்ததும் ஐந்து மாத்திரையை வெட்டி எடுத்துவிடுவேன். ஒருநாள் கவுண்டர் மேல் கையை நீட்டி, தொட்டுப் பாருங்கள் என்றார். தொட்டேன். சில்லென்று இருந்தது. நாள் பூராவும் கொதிக்கிற பாய்லர் பக்கத்தில் நிற்கிறவர் கை அது. டீ ஆற்றும்போது அசதியாக இருக்கிறது, இந்த மாத்திரையால்தானா என்று கேட்டார்.

இந்த மாத்திரையால்தான். சிலருக்குக் கை கால் சில்லிடும், அசதி இருக்கும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை மாற்றித் தருவார். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இத்தனையும் என் நாக்கு நுனியில் இருந்தது. எனக்குத்தான் ரோஷம் ஆயிற்றே. டாக்டரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கவரை நீட்டினேன். கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். “அவருக்கு எம்மூஞ்சியப் பாக்கவே நேரமில்ல. நீ எதனா சொல்லுவன்னு கேட்டேன், வுடும்மா.”

ஓரம் இல்லாத அட்டை

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது, தேதியும் நம்பரும் அச்சடித்த ஓரத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தைத்தான் கொடுப்போம். மிச்சம் விற்காமல் காலாவதியானால் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப அந்த ஓரம் வேண்டும். ஏழுமலைக்குக் கொடுத்த மாத்திரையின் பெயரும் அந்த ஓரத்தில்தான் இருந்தது. அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது பெயர் இல்லாத வெள்ளித் துண்டு.

அந்த மாதம் பௌர்ணமிக்குக் கடையைப் பெரிதாகப் போட வேண்டும் என்று பந்தல் வேலையில் இருந்தவர் ஐந்தாம் நாள் வரவில்லை. மாத்திரை தீர்ந்ததும், காலித் துண்டை எடுத்துக்கொண்டு தன் ஊர்ப் பக்கமே இருந்த ஒரு சின்ன மெடிக்கலுக்குப் போயிருக்கிறார். நம் ஜனங்களுக்குச் சீட்டை விடக் காலி அட்டைதான் பத்திரம், அதைக் காட்டினால் எங்கேயும் மருந்து கிடைக்கும். அந்தக் கடைக்காரர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேர் தெரியாமல் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

இதெல்லாம் ஏழுமலையே எனக்குச் சொன்னது. பௌர்ணமிக்கு முதல் நாள் காலை, கிரிவலம் வருகிற ஜனங்களுக்குக் கொடுக்கக் கால்வலித் தைலம் பத்து பாட்டில் வேண்டும் என்று வந்தபோது சொன்னார். ஆறு நாளாக மாத்திரை போடவில்லையாம். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கை சூடாக இருந்தது. அசதி போய்விட்டதாம், பந்தல் கால் நட்டது அவரேதானாம். இது ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் கடையில் பதினைந்து பேர். தைலம், பேண்ட் எய்ட், முட்டிக்குப் போடுகிற உறை என்று ஆளுக்கொரு பக்கம் கத்துகிறார்கள். பாயும் பக்கத்திலேயே நிற்கிறார். ஒரு அட்டையை எடுத்து அவர் பையில் போட்டிருக்கலாம். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், தினமும் போட்டதை இப்படி நிறுத்தக் கூடாது என்று கத்தியிருக்கலாம். பௌர்ணமி முடிந்ததும் வாங்க, பேசலாம் என்றேன். அவர் தைலப் பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டு சொன்னார்: “வரேம்மா. ரெண்டு நாள்ல இன்னா ஆயிடப் போவுது.”

சீட்டுப்படி

மறுநாள் மத்தியானம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிரிவலக் கூட்டத்தை விலக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. ஏழுமலை டீத்தூள் வாங்குகிற கடையில் கேள்விப்பட்டு வந்து சொன்னவர் பாய்தான்.

கண்ணாடிக் கதவைத் திறந்து அதே மாத்திரையின் டப்பாவை எடுத்தேன். உள்ளே நான் வெட்டி வைத்த ஓரங்கள், பெயரோடு, தேதியோடு, நாலைந்து கிடந்தன. சீட்டைக் கேட்பதை விட்டுவிட்டதைத் தவிர, பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை நின்றதால்தான் போனார் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல மாட்டார், ஏற்கெனவே கெட்டுப்போன இதயம், அது எனக்கும் தெரியும். அப்படிச் சொல்லிக்கொண்டு தூங்க முயன்று பார்த்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை. பாய் சாவுக்குப் போய், அடக்கம் முடிகிற வரை இருந்துவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்து ஆறுதலாகத்தான் சொன்னார், நான் சீட்டைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாது: “நாம சீட்டுப்படிதான குடுத்தோம். நம்ம மேல தப்பு இல்லம்மா.”

புதுச் சீட்டு

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண்மணி வந்து கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றார். பிறகு ஒரு சீட்டை நீட்டினார். பீட்டா பிளாக்கர், தினம் ஒன்று. பிரஷர் ஏறி, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று டாக்டரிடம் போனவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் எது என்று கேட்டேன். அடி அண்ணாமலை என்றார். டீக்கடை ஏழுமலையின் சம்சாரம், பெயர் தனலட்சுமி.

என்னால் மாத்திரையை எடுக்க முடியவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். சில்லென்ற கையைப் பற்றி ஏழுமலை கேட்டதை, தெரிந்தும் நான் பதில் சொல்லாததை, பௌர்ணமி முடிந்ததும் வாங்க என்றதை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னை விட்டு விலகி வேறு கடைக்குப் போகவும் இல்லை. இன்னும் கிட்ட வந்து, கவுண்டர் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். “அவருகிட்ட சொல்லாத வுட்டத எங்கிட்ட சொல்லும்மா. நா ஒண்ணும் அவசரமா போவல.”

இப்போதெல்லாம் யார் வந்தாலும் பேசி முடித்த பிறகுதான் அட்டையைக் கையை விட்டு விடுகிறேன் என்பதால் ‘ஓயாமப் பேசற மெடிக்கல்காரி’ என்று வேங்கிக்காலில் எனக்குப் பெயர், அந்தக் கெட்ட பெயரை அந்தப் பௌர்ணமிக்கு முன்னாலேயே வாங்கத்தான் எனக்குச் சாமர்த்தியம் இல்லாமல் போயிற்று.