செம்போத்து சொன்னது

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்காரர் அவர். செய்யூர்ப் பக்கம் சவுக்கு வெட்டுகிறவர். காய்த்துப்போன கை, தொண்டையில் கட்டி. சன்னலுக்கு வெளியே எந்தப் பறவை கத்தினாலும் அதற்கு வார்த்தை போட்டுவிடுவார்.

"செம்போத்து இன்னா கேக்குது பாரு தம்பி. எப்போ, எப்போ, எப்போ. வூட்டுக்கு எப்போ போவேன்னு கேட்டுகினே கீது."

வார்டே சிரிக்கும்.

ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் குழாயோடு கிடந்தார். ஒருநாள் காலை செம்போத்து கூப்பிட்டதும் அவர் உதடுகள் அசைந்தன.

"எப்போவா, அண்ணாத்த?" என்றேன்.

இல்லையென்று தலையசைத்தார். மறுபடி உதடுகள் அசைந்தன. எனக்குப் பிடிபடவில்லை. அவர் மனைவி அந்த உதட்டையே பார்த்திருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "போதும், போதும்னு கத்துதாம்."

எழுந்துபோய் சன்னலைச் சாத்தினாள். பறவைச் சத்தம் நின்றுவிட்டது. அவர் உதடுகள் அசைந்துகொண்டேதான் இருந்தன.