பின்னட்டையில் ஐந்தாவது ஆள்

பெட்டியைத் திறந்ததும் முதலில் எழுந்தது வாசனைதான். பழைய மை, லேமினேஷன் பசை, அடியில் எங்கோ ஒரு சொட்டு மண்ணெண்ணெய். பெங்களூரில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை, பழைய புத்தகக் கடையொன்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். மேலாக இருந்த புத்தகத்தின் அட்டையில் எரிந்த ஊர், கவிழ்ந்த டாங்கி, அதன் மேல் சட்டை கிழிந்த ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாயை எனக்குத் தெரியும். அவன் முகத்தில் சிவப்பு தூக்கலாக விழுகிறது என்று இரண்டு தடவை அச்சுப் பிளேட்டை மாற்றினோம். அப்படியும் கோபக்காரனாகவே வந்து சேர்ந்தான்.

புத்தகத்தை உடனே திருப்பவில்லை. பின்னட்டையில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இருபது வருஷத்துக்கு முன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் மை, மறுபக்கமிருந்து அடித்தால் கந்தகம். சாமி படக் காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் என்று போய்க்கொண்டிருந்த நாட்களின் நடுவே கடல் கடந்து ஓர் ஆர்டர் வந்தது. ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் நான் இன்னது செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். பெரிய யுத்தம் முடிந்து உலகமே நொறுங்கிக் கிடக்கிறது. உத்தரவு போட ஆளில்லாத சில சிப்பாய்கள் வீடு திரும்பப் பார்க்கிறார்கள். இதில் யார் ஜெயிப்பது என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். பதில் இல்லை. ஜெயிக்க முடியாத விளையாட்டை எதற்கு ஆடுவார்கள்? அந்த ஆச்சரியம்தான் என்னைக் கெடுத்தது.

பின்னட்டைக்கு ஐந்து விமர்சனங்கள். நான்கை முழுசாக அனுப்பி, எடுத்துப் போட வேண்டிய சொற்களில் மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள். ஐந்தாவது பின்னால் வரும், இடம் விட்டு வை என்று குறிப்பு. மஞ்சளை மட்டும் பார்க்கிற புத்தி எனக்கு ஏது? முழுசையும் படித்தேன். ஒருவர், தோட்டாவைக்கூட எண்ணிச் செலவழிக்க வைக்கிற உண்மைத்தன்மையில் உருகியிருந்தார். இன்னொருவர், "படிக்க அற்புதம், ஆட அலுப்பு" என்று எழுதியிருந்தார். மஞ்சள் "அற்புதம்" மீது மட்டும் இருந்தது. மூன்றாமவருக்கு இது வருமான வரிப் படிவத்துக்குள் கையெறி குண்டை வைத்ததுபோல் இருந்ததாம். அதிலிருந்து பொறுக்கியது "விரிவானது" என்ற ஒரே சொல்.

மத்தியானச் சாப்பாட்டில் இதை பைண்டிங் பிரிவு தங்கமாரி அக்காவிடம் சொன்னேன்.

"இது மாப்பிள்ள பார்க்கக் கூட்டிட்டு வார தரகர் பேச்சுல்ல!" என்றார் அக்கா. "குடிப்பான், ஆனா நல்லா உழைப்பான்னு ஊரு சொன்னா, நல்லா உழைப்பான்னு மட்டும் வந்து சொல்லுவாக."

அக்கா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பத்து வருஷம் இருந்தவர். பக்கத்து அறை வெடித்துப் போன மறுநாள் வேலையை விட்டவர். அந்த நாளைப் பற்றிப் பேச மாட்டார். "இங்கன காகிதம் கைய வெட்டும், அம்புட்டுதான்" என்பார்.

அப்படியானால் ஆடியே பார்த்துவிடலாம் என்றேன். மெஷின்மேன் முருகேசன் அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார். புத்தகம் கேட்ட பத்துப் பக்கப் பகடைக்கு நான் எங்கே போவேன்? கழிவுக்குப் போக இருந்த தினசரிக் காலண்டரில் ஒன்று முதல் பத்துவரை தேதித் தாள்களைக் கிழித்து டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினோம்.

அக்கா முதல் தாளை எடுத்தார். "எட்டு. ஏ புள்ள, இதுல கரிநாள்னு போட்டிருக்கு. வேற எடுக்கேன்."

"யுத்தத்துல போயி நல்ல நாள் பார்க்கியா தங்கமாரி?" என்றார் அண்ணாச்சி.

"பார்த்திருந்தா யுத்தமே வந்திருக்காது அண்ணாச்சி."

அவர்கள் இருவரும் சிப்பாய்கள். கூட ஒரு காயம்பட்டவன். அவனுக்கு அண்ணாச்சி செல்லையா என்று பேர் வைத்தார். கதை சொல்லியாகிய நான் புத்தகத்தைப் பார்த்து வாயாலேயே தமிழாக்கிக்கொண்டு போனேன். "இடிஞ்ச வீட்டுக்குள்ள ஒரு பை கெடக்கு அக்கா. உள்ள மருந்து இருக்கு."

அக்காவின் முகம் மாறியது. "எம்புட்டு?"

"பை நெறய."

"யாரும் கிட்டப் போகாதீக. தூரமாக் கொண்டுபோயி நெழல்ல வையி. செல்லையாவ இந்தப் பக்கம் இழுத்துப் போடு."

சரிதான் என்று அண்ணாச்சியும் தலையாட்டினார். இதில் ஏதோ போர்த்தந்திரம் இருக்கும்போல என்று நானும் கதையை ஓட்டினேன். இரண்டு சுற்று கழிந்தது. விதிப்படி செல்லையா செத்துப்போனான்.

"எப்படிச் சாவான்? மருந்ததான் தள்ளி வச்சாச்சே!"

"மருந்த வச்சுக்கிட்டே அவனுக்குக் குடுக்கலியேக்கா. அது காயத்துக்குப் போடுற மருந்து."

எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் பட்டாசுக்குள் போவது. டாக்டர் எழுதிக் கொடுப்பது அப்புறம்தான். புத்தகத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருந்தது. என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அண்ணாச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடினார்.

"அந்த ஊருக்காரக என்னமும் எழுதிட்டுப் போகட்டும். நான் சொல்லுதேன் கேட்டுக்கோ. ஆளாளுக்குச் சுடுறாக. சுட்டு முடிச்சா யாரு கூட்டி அள்ளுறது? அத எந்தப் பக்கத்துலயும் காணோமே."

அன்று மாலை மறுபடி தேடினேன். துப்பாக்கி வகைகளுக்கு அட்டவணை இருந்தது, பசிக்கு இருந்தது, காய்ச்சலுக்கு இருந்தது. விளக்குமாறு மட்டும் இல்லை. இத்தனை பேர் படித்துப் பார்த்துப் புகழ்ந்தும் திட்டியும் எழுதியிருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் இது படவில்லையே! ஐந்தாவது விமர்சனத்துக்கு விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது. சும்மா இடம் நிரப்பி அழகு பார்க்கலாமென்று அக்கா சொன்னதை என் அரைகுறை ஆங்கிலத்தில் அடித்து, கீழே "டி. மாரி, சிவகாசி" என்று போட்டேன். அழிக்க மறந்தேன். ஐந்தாவது விமர்சனம் வரவேயில்லை. அட்டையின் நிறத்தை மட்டும் பார்த்து, ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரர்கள் சரி சொல்லிவிட்டார்கள்.

அட்டை முழுக்க அச்சில் ஓடி, லேமினேஷனும் முடிந்த பிறகு, ஆங்கிலம் தெரியாத முருகேசன் அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார். லேபிள் லேபிளாக அடித்துப் பழகிய ஒரே ஓர் ஆங்கிலச் சொல் அவருக்கு அத்துப்படி. "நம்ம ஊரு பேரு எதுக்கு இங்கன?"

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். "யாரும்மா இந்த டி. மாரி?"

பின்னால் காகிதக் கட்டோடு நின்ற அக்காவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. "சும்மா, நானா வச்ச பேரு சார்."

கம்பெனிக்கு மெயில் போனது. இரண்டு நாள் பதில் இல்லை. அக்கா காகிதம் மடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "பேரு வெளிய தெரிஞ்சா எனக்கு வேல போயிரும் புள்ள. போனா பழையபடி ஆலை வேன்லதான் ஏறணும். காலையில அந்த ஹாரன் கேட்டா இன்னும் கதவச் சாத்திக்கிடுதேன்." என் வேலையைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. அந்த வேனை நினைத்தால்தான் பயம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அப்படியே இருக்கட்டும் என்றிருந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: இந்த விமர்சகர் வேறெந்தப் பத்திரிகையில் எழுதுகிறார்? மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒற்றை விரலால் பதில் அடித்தார்: "உள்ளூரில் மட்டும்." அக்காவைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

என்னை மட்டும் மாசக் கடைசியோடு அனுப்பிவிட்டார். "நாளைக்கு முருகன் படத்துக்குக் கீழ என்னத்த அடிச்சு வைப்பியோ தாயி." நியாயம்தான்.

அந்த அச்சகம் இன்று கல்யாண மண்டபம். முருகேசன் அண்ணாச்சி இல்லை. மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறாரோ. அக்காவின் எண்ணை நான் எழுதி வைத்தது ஒரு தினசரித் தாளின் பின்பக்கத்தில். நாள் முடிந்ததும் கிழித்துப் போடுகிறவர்களுக்கு நடுவே அது எத்தனை நாள் தங்கும்?

கடையில் புத்தகத்தைத் திருப்பினேன். இருக்கிறது. அற்புதம், விரிவானது எல்லாவற்றுக்கும் கீழே, ஐந்தாவதாக, டி. மாரி, சிவகாசி.

நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அக்கா சேவுப் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். "உங்க பேச்சு கடல் தாண்டிப் போகுதுக்கா" என்று ஜன்னல் வழியே சொன்னேன். அது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்ததும் கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு கூடவே நடந்தார்.

"ஏ புள்ள, அந்தப் புஸ்தகத்த மறுபடி எங்கனயாவது கண்டா வாங்கிட்டு வா. இன்னொருக்கா ஆடுவோம். இந்தவாட்டி செல்லையாவுக்கு மொத மருந்தக் குடுத்துருதேன்."