கொழுப்பு வைக்காத முயல்கறி

2005 வாக்கில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். நான் சரிசெய்யும் மெஷினையெல்லாம் தான் சரிசெய்ததாகச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொள்வார் சூப்பர்வைசர். எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை அவர் மேனேஜருக்கு விருந்து வைத்தபோது, முயல்கறியைக் கம்பியில் கோத்துச் சுட என்னைத்தான் கூப்பிட்டார். முயல்கறியில் கொழுப்பு கிடையாது. துண்டுகளுக்கு நடுவே ஆட்டுக் கொழுப்பு வைத்துக் கோக்காவிட்டால் விறகாகிவிடும். வேண்டுமென்றே வைக்காமல் சுட்டேன்.

"நானே சுட்டேன் சார்" என்று தட்டை நீட்டினார் சூப்பர்வைசர். மேனேஜர் மென்றார், மென்றார், கடைசியில் துப்பினார்.

"இன்னாய்யா இது, டயரா?"

சூப்பர்வைசர் என்னை முறைத்தார். "டேய், இன்னாடா பண்ண?"

"நீங்கதான சார் சுட்டீங்க? நான் சும்மா விசிறிக்கினு இருந்தேன்."

என் வேலைக்கு அவர் பெயர் வாங்கியதில் நான் மனதார மகிழ்ந்தது அன்று ஒருநாள்தான்.