லுங்கிவாலா கடை

எதிர்வீட்டுக்காரனே, தாராவியில் என் இட்லிக் கடைப் பலகையில் தார் பூசியது நீதான். "லுங்கிவாலா, ஊருக்கு ஓடு!" என்று தினமும் கத்தியதும் நீதான். லுங்கி கட்டும் தமிழர்களை அந்த ஊரில் அப்படி ஏசி விரட்டிய அறுபதுகளின் கடைசி அது.

பயந்துபோய்ப் பாத்திரங்களை மூட்டை கட்டினேன். என் மனைவி இசக்கி அதைப் பிடுங்கினாள்.

"எங்க போறீய? பலகையில லுங்கிவாலா கடைன்னே எழுதுங்க. அவன் வாயாலயே நம்ம கடைக்கு ஆள் கூப்பிடட்டும்."

இந்தியில் எழுதி மாட்டினேன். மறுநாள் காலை நீ வழக்கம்போல, "ஏ லுங்கிவாலா!" என்று கத்தினாய். சாப்பிட்டுக்கொண்டிருந்த தோல் பட்டறை ஆட்கள், "கடை பேரைச் சரியாத்தான் சொல்லுதான். உள்ள வரச் சொல்லுங்க அண்ணாச்சி!" என்று சிரித்தார்கள். நீ உன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சாம்பார்தான் மணக்கிறது. இசக்கிக்கு என் நன்றி சாகும்வரை உண்டு. நீ தெரு நடுவில் வந்து, எல்லோரும் கேட்கப் பதில் சொல்: இனி எங்களை என்னவென்று திட்டுவாய்?