களிமண் விடாது என்று எழுதினேன்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த தண்ணீர்ப் பஞ்சக் காலம். காலடிப்பேட்டை வீட்டின் பின்பக்கச் சுவரில் மூன்று பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டி நிறுத்தியிருந்தேன். ஒன்றில் எண்ணூர்க் கடற்கரை மணல், ஒன்றில் செங்குன்றத்துச் செம்மண், மூன்றாவதில் முகத்துவாரத்துக் களிச்சேறு. கதிரியக்கக் கழிவு எந்த மண்ணில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதுதான் என் எம்.எஸ்சி. ஆராய்ச்சி. கதிரியக்கம் உள்ளதை எங்களை நம்பி யார் கொடுப்பார்கள்? அதே வழியில் நகரும் சாதாரண சீசியம் உப்பைத்தான் மேலே போட்டிருந்தேன்.

வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. பத்தாவதோடு நின்றுபோன அக்காதான், நான் இல்லாத நேரத்தில் மணிக்கொரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவாள். லாரியில் வரும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கீழே சொட்டுவதைப் பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி ஒட்டுவாள். ரேடியோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அவள் டம்ளரோடு நடமாடிய அந்த மத்தியானங்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

மணல் இரண்டே நாளில் சீசியத்தை விட்டுவிட்டது. செம்மண் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. சேறு மட்டும் ஒரு மாதமாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. களிமண் விடாது என்று முடிவுரையைக்கூட எழுதிவிட்டேன். கடைசி வாரம் காலேஜ் லேபில் சோதித்தபோது சேற்றுக் குழாயின் பாட்டில்களிலும் சீசியம் வந்தது.

அக்காவிடம் கேட்டேன். நாலு நாளாக லாரி வரவில்லையாம். அடிபம்பில் அடித்து ஊற்றியிருக்கிறாள். எங்கள் தெரு அடிபம்பில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு.

"கீறதே ரெண்டு கொடம். குடிக்கிற தண்ணிய மண்ணுக்கு ஊத்த மனசு வர்ல" என்றாள்.

"படிக்காதவ கையில குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பேராசிரியருக்கோ ஒரே சந்தோஷம். களிமண்ணில் ஒட்டியிருப்பதை உப்புத் தண்ணீர் பெயர்த்துவிடுகிறது, நம் கடலோரத்தில் நிலத்தடி நீரே உப்புதானே, இதையே எழுது என்றார். மறுபடி செய்து பார்த்தேன், அதேதான் வந்தது. அந்த அத்தியாயத்தால்தான் வகுப்பில் முதலாவதாக வந்தேன்.

பைண்டு போட்ட புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஆங்கிலத்தில் இருந்த நன்றிப் பக்கத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பேராசிரியர், லேப் உதவியாளர், தோழிகள், சேறு அள்ளித் தந்த மீனவர் வரை எல்லாரும் அதில் இருந்தார்கள்.

"நா எங்க கீறேன்?" என்று கேட்டாள்.

வேறு பக்கத்தில் இருக்கும் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். எந்தப் பக்கத்திலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன்.